தடம் யாருடையது?

மண்ணிற் பதிந்த காலடி நடந்தவனுடையது. அதில் வழக்கிடுவதற்கு எதுவுமில்லை. களவு போன வீட்டின் பின்வேலியருகே காலடியைத் தேடுபவன் உண்மையில் காலுக்குரியவனையே தேடுகின்றான். இந்தச் சாதாரண அனுபவத்திலிருந்துதான் 'காபன் தடம்' என்னும் சொற்றொடர் தன் வலிமையைப் பெறுகின்றது. ஒரு மனிதனோ, ஒரு தொழிலகமோ, ஒரு நாடோ தன் வாழ்வுக்காகவும் வேலைக்காகவும் வளிமண்டலத்திற் சேர்க்கும் காபனீரொட்சைட்டு முதலான பச்சைவீட்டு வாயுக்களின் மொத்தக் கணக்கை அது குறிக்கின்றது. காலடியைக் கண்டவுடன் ஆளைக் கண்டதாக எண்ணுவது போல, எண்ணைக் கண்டவுடன் பொறுப்பாளியைக் கண்டுவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கின்றோம்.

புகைக்கு அப்படி ஒற்றைக் கால் கிடையாது. ஒரு கைத்தொலைபேசியை எடுத்துக்கொள்வோம். கொங்கோவிலே கோபாற்றுக் கல்லைத் தோண்டியவன், அதை உருக்கியவன், நிலக்கரி மின்சாரத்தில் இயங்கும் ஆலையிலே அதன் நுண்சில்லைச் செய்தவன், விமானத்தில் ஏற்றியவன், விற்றவன், வாங்கியவன் ஆகிய எல்லோருடைய கால்களும் சேர்ந்தே அந்தத் தடத்தைப் பதிக்கின்றன. இவர்களுள் யாருடைய ஏட்டில் அதனை எழுதுவது? கணக்காளனுடைய கேள்வி போலத் தோன்றினும் இது அறவியலின் கேள்வியாகும். 'என் செயல்' என்று நான் எதைச் சொல்லலாம், எவ்விடத்தில் அது என் செயலல்லாது போகின்றது என்பதே இங்கு கேட்கப்படுவது.

இச்சொல்லின் வரலாறு சிறிது சுவையானது. 1990களிலே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் றீசும் அவருடைய மாணவர் மத்திஸ் வாக்கர்நாகலும் 'சூழலியல் தடம்' என்ற அளவுகோலை உருவாக்கினர். ஒரு சமுதாயம் நுகர்வனவற்றை விளைவிக்க எவ்வளவு நிலமும் நீரும் வேண்டும் என அளப்பது அவர்தம் நோக்கம். அவ்வளவுகோல் சமுதாயத்தை அளந்தது. 2004ஆம் ஆண்டளவிலே பிரிட்டிஷ் பெற்றோலியம் என்னும் எண்ணெய்க் கம்பனி, விளம்பரக்காரரின் துணையோடு, தனிமனிதன் தன் காபன் தடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும் கருவியொன்றை மக்களிடையே பரப்பிற்று. நிலத்தடி எண்ணெயை அகழ்ந்து விற்பவன், அதை வாங்கி எரிப்பவனைப் பார்த்து 'உன் தடம் எவ்வளவு?' என்று கேட்டான்! கள்ளுக்கடைக்காரன் வாசலில் நின்று மதுவிலக்குப் பிரசாரம் செய்வதைக் கேள்விப்பட்டிருக்கின்றோம். குடிப்பவனுக்கு அளவுக்கோப்பையும் இலவசமாகக் கொடுத்தவனை அப்பொழுதுதான் கண்டோம்.

ஆகவே இச்சொல்லின்மீது ஐயம் கொள்வதற்கு எமக்கு நியாயமுண்டு. எம் நண்பர்களிற் பலர் அந்த ஐயத்தோடு நின்றுவிடுகின்றனர். ஒரு சிறிய தொழில்நுட்பக் கம்பனி தன் காபன் தடத்தைக் குறைக்க முயல்கின்றது என்று கேட்டால், "முதலாளித்துவம் பூசிக்கொள்ளும் பச்சை வர்ணம்" என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டுத் தேநீர் பருகப் போய்விடுகின்றனர். தீர்ப்புப் பிழையென்று நாம் கூறவில்லை. விசாரணையின்றி அளிக்கப்பட்டது என்றே கூறுகின்றோம். கம்பனி ஒன்றை எடுத்து விசாரித்துப் பார்ப்பது பயனுடையது.

நெதர்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரிலே 2010இல் ஓர் இயக்கம் தொடங்கிற்று. கைத்தொலைபேசிகளுக்கு வேண்டிய வெள்ளீயம், தந்தாலம் போன்ற கனியங்கள், கிழக்குக் கொங்கோவிலே ஆயுதக் குழுக்கள் ஆதிக்கம் செலுத்தும் சுரங்கங்களிலிருந்தும் வருகின்றன என்பதை மக்களுக்கு உணர்த்துவதே அதன் பணி. உணர்த்தினால் மட்டும் போதாது, மாற்று வழியிலே தொலைபேசியொன்றைச் செய்தும் காட்டவேண்டும் என்று முடிவுசெய்த அவ்வியக்கத்தினர் 2013இல், பாஸ் வான் ஆபெல் என்பவரின் தலைமையில், ஒரு கம்பனியாயினர். ஃபெயர்ஃபோன் என்பது அதன் பெயர். நியாயமான தொலைபேசி என்று பொருள். உலகத்தில் ஓராண்டில் விற்பனையாகும் திறன்பேசிகள் 100 கோடிக்கும் அதிகம். இவர்கள் விற்பதோ ஆண்டுக்கு ஏறத்தாழ 1 இலட்சம். கடலிலே கரைத்த பெருங்காயம் என்பார்களே, அதைவிடச் சிறிய அளவு.

இச்சிறு கம்பனி செய்த காரியங்களுள் எமக்கு முதன்மையாகத் தோன்றுவது, தன் பொருளைப் பிறர் அளப்பதற்கு ஒப்படைத்தமையாகும். பேர்லினிலுள்ள பிரவுன்ஹோபர் ஆய்வு நிறுவனம் இவர்களுடைய தொலைபேசியைச் சுரங்கத்திலிருந்து குப்பைமேடுவரை தொடர்ந்து கணக்கெடுத்தது. 2020இல் வெளிவந்த ஆய்வின்படி, மூன்றாண்டுகள் பயன்படுத்தப்படும் ஒரு தொலைபேசியின் தடம் ஏறத்தாழ 40 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமன். இதில் முக்காற் பங்களவு தொலைபேசியைச் செய்யும்போதே காற்றிற் சேர்ந்துவிடுகின்றது. நாம் இரவு தோறும் மின்னேற்றுவதனால் உண்டாவது சிறு பங்குதான்.

இந்த உண்மையின் விளைவுகள் பெரியவை. பெட்டியைப் பிரிக்குமுன்னரே பெரும்பாவம் நடந்து முடிந்துவிட்டது. ஆதலால் அதனைக் குறைக்க வாங்குபவனாற் செய்யக்கூடியது ஒன்றேயொன்று: அடுத்ததை வாங்காதிருத்தல். ஒரே தொலைபேசியை மூன்றாண்டுக்குப் பதிலாக ஏழாண்டு பயன்படுத்தினால், ஆண்டொன்றுக்கு விழும் தடம் ஏறத்தாழ 40 சதவீதம் குறையும் என அவ்வாய்வுகள் காட்டின. இதனால்தான் ஃபெயர்ஃபோன் தன் அறிவையெல்லாம் ஆயுளை நீட்டுவதிலே செலவிட்டது. கையாலே கழற்றக்கூடிய பற்றறி, கருவியெதுவுமின்றிப் பிரிக்கக்கூடிய திரை, தனித்தனியே விலைக்குக் கிடைக்கும் உதிரிப்பாகங்கள் என 2015இன் முடிவில் வந்த அதன் இரண்டாவது தொலைபேசி அமைந்தது.

உடலை நீடித்தால் உயிர் நீடிக்குமா? திறன்பேசியின் உயிர் அதன் மென்பொருளில் இருக்கின்றது. மென்பொருளோ அதிலுள்ள நுண்சில்லைச் செய்த பெருங்கம்பனியின் தயவிலே இருக்கின்றது. சில ஆண்டுகள் சென்றதும் அப்பெருங்கம்பனி தன் பழைய சில்லுக்கு உதவுவதை நிறுத்திவிடுகின்றது. நல்ல நிலையிலுள்ள கருவி அன்றோடு முதுமையடைகின்றது, நோயினாலன்று, கட்டளையினால். இரண்டாவது தொலைபேசியின் சில்லைச் செய்த குவல்கொம் நிறுவனம் கைவிட்ட பின்னரும், இச்சிறு கம்பனியின் பொறியியலாளர்கள் 2023வரை அதற்கு மென்பொருள் செய்து கொடுத்தனர். 2023இல் வந்த ஐந்தாவது தொலைபேசிக்கு, கைத்தொலைபேசிச் சில்லை விடுத்து, தொழிற்சாலை இயந்திரங்களுக்கென உருவாக்கப்பட்டதும் நீண்ட காலம் உதவி கிடைப்பதுமான சில்லைத் தேர்ந்து, 2031வரை ஆதரவு உண்டென்று வாக்களித்தனர். இவ்வளவு பாடுபட்டு அவர்கள் எதிர்த்து நின்றது வெப்பத்தையோ வாயுவையோ அன்று. ஒரு வணிக ஒழுங்கையே எதிர்த்து நின்றனர் என்பதைக் கவனிக்கவேண்டும்.

இனி எல்லை பற்றிய கேள்விக்கு வருவோம். கம்பனிகள் தம் தடத்தை அளப்பதற்கு 2001இல் வெளியிடப்பட்ட ஒரு நெறிமுறை உண்டு. அது மூன்று வட்டங்களை வரைகின்றது. தன் புகைபோக்கியிலும் வாகனங்களிலும் எரிப்பது முதல் வட்டம். விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாவது. வாங்கும் பொருள்களைச் செய்தவரும், விற்ற பொருள்களைப் பயன்படுத்துவோரும், இடையிலுள்ள ஏற்றியிறக்குவோரும் வெளியிடுவன மூன்றாவது. இருபது பேர் மேசைக்கணினிகளின் முன் அமர்ந்து வேலைசெய்யும் ஒரு சிறு மென்பொருட் கம்பனியை எண்ணிப் பாருங்கள். அதற்குப் புகைபோக்கி இல்லை. கூரையிலே சூரியத் தகடு பொருத்தினால் இரண்டாம் வட்டமும் மெலிந்துவிடும். மேற்கொண்டு கடதாசியை இருபுறமும் பாவித்து, விளக்கை அணைத்து, மரம் நட்டால் மனச்சாட்சியும் குளிர்ந்துவிடும். ஆனால் அக்கணினிகள் செய்யப்பட்ட ஆலையும், அதன் நிரல்கள் இரவும் பகலும் ஓடுகின்ற தொலைதூரத்துத் தரவு நிலையங்களும் மூன்றாவது வட்டத்திலல்லவா கிடக்கின்றன? தூய்மை என்பது இங்கு செயலின் தன்மையாக இல்லை. வேலியை எங்கே போட்டோம் என்பதன் பயனாக இருக்கின்றது.

பெரியவர்களின் நிலை இதனிலும் வெளிப்படை. கூகிள் நிறுவனம் 2007 முதல் தன்னைக் 'காபன் நடுநிலை'யானது என்று கூறிவந்தது. பிறர் எங்கோ குறைத்ததாகச் சொல்லப்படும் அளவுகளை விலைக்கு வாங்கித் தன் கணக்கிற் கழித்துக்கொள்வது அதன் வழி. அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலே பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள் என்று வரலாற்றிலே படிப்பிக்கின்றோம். 2023இல் அது இவ்வழியைக் கைவிட்டது. 2024இல் அது வெளியிட்ட அறிக்கையின்படி 2023ஆம் ஆண்டில் அதன் வெளியீடு 2019இனைவிட 48 சதவீதம் கூடியிருந்தது. அதன் இயந்திரங்கள் ஒவ்வொரு கணிப்புக்கும் முன்னரிலும் குறைந்த மின்சாரத்தையே உண்கின்றன; கணிப்புகளின் தொகையோ அச்சேமிப்பை விழுங்கிவிட்டது. நீராவி இயந்திரம் சிக்கனமாக ஆக ஆக இங்கிலாந்து எரிக்கும் நிலக்கரியும் கூடுகின்றது என்று 1865இல் ஜெவன்ஸ் எழுதியதை இன்றைய பொருளியல் ஆசிரியர்கள் மாணவருக்கு எடுத்துக்காட்ட வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை.

ஃபெயர்ஃபோனின் சிறப்பு அது வேலியைத் தள்ளிப் போட்டதிலே இருக்கின்றது. சீனாவிலே தன் தொலைபேசியை ஒன்றிணைக்கும் தொழிலாளிக்குக் கிடைப்பது வாழ்க்கைக்குப் போதாத கூலி என்று கண்டு, அக்குறையை ஈடுசெய்யத் தன் பங்கிற்குக் கொடுப்பனவொன்று செலுத்தியது. கூலியும் புகையும் வேறுவேறு விடயங்கள் எனக் கருதுவோர் உளர். இரண்டும் வேலிக்கு அப்பால் எறியப்பட்ட ஒரே செலவின் இரு வடிவங்கள் என்றே நாம் கருதுகின்றோம்.

ஆனால் வேலியைத் தள்ளிப்போடப் போட ஒரு சங்கடமும் வளர்கின்றது. இயன்றவரை குறைவாக விற்பதே காபன் தடத்தைக் குறைக்கும் சிறந்த வழி. ஏற்கெனவே கையிலிருக்கும் தொலைபேசியே மிக நல்ல தொலைபேசி என்பதை அக்கம்பனியும் மறைப்பதில்லை. எனினும் விற்காத கம்பனி நிலைப்பதெப்படி? 2019, 2021, 2023, 2025 என்று இரண்டாண்டுக்கொரு முறை அதுவும் புதிய தொலைபேசியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2017இல் தன் முதலாவது தொலைபேசிக்கு உதிரிப்பாகம் கிடைக்கவில்லையென்று கைவிரித்தது. 2021இல், செவிக்கருவியின் வடத்தைச் செருகும் துளையைத் தன் தொலைபேசியிலிருந்து நீக்கிவிட்டு, பற்றறி மாற்றமுடியாத வடமற்ற செவிக்கருவிகளை அதே காலத்தில் விற்பனைக்கு விட்டது. அதன் அன்பர்களே இதைக் கண்டித்தனர். இவற்றைக் கபடம் என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. நல்ல மனிதர்கள்தாம். சந்தை என்னும் ஆற்றிலே எதிர்நீச்சல் போடுபவனும் நனைந்துதான் போகின்றான்.

'குறைத்தல்' என்னும் சொல்லிலும் ஒரு சூழ்ச்சி பொதிந்துள்ளது. கூடுதலாக வைத்திருந்தவனே குறைக்க முடியும். 1990களிலே பொருளாதாரத் தடையின்கீழ் இருந்த எமது வடபகுதியில், பற்றறி கிடையாத நாட்களில், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டனர் மக்கள். அவர்தம் தடத்தை அன்று அளந்திருந்தால் எந்த அம்ஸ்ரடாம் கம்பனியும் வெட்கித் தலைகுனிந்திருக்கும். ஆயினும் அதனை எவரும் சாதனையென எழுதவில்லை, எழுதவும் கூடாது. அது தேர்ந்துகொண்ட சிக்கனமன்று, திணிக்கப்பட்ட இல்லாமை. கொங்கோவின் சுரங்கத்திலே கையாற் கல்லுடைப்பவனின் காபன் தடம் மிகச் சிறியது. அவனைப் பார்த்து உலகம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எவராவது பேசினால் அது கொடுமை. அளவு சிறிதாயிருத்தல் தன்னளவில் அறமாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? யார் எவ்வளவு வைத்துக்கொள்வது என்பதை யார் தீர்மானிக்கின்றனர் என்ற வினா எண்ணுக்குப் பின்னால் மறைந்து நிற்கின்றது.

இத்தகைய நல்ல கம்பனியொன்றை வரலாறு முன்னரும் கண்டிருக்கின்றது. ஸ்கொட்லாந்தின் நியூ லனார்க்கிலே 1800 முதல் ஒரு பருத்தி நூற்பாலையை நடத்திய றொபேட் ஓவன், வேலை நேரத்தைப் பத்தரை மணியாகக் குறைத்தார். சிறு பிள்ளைகளை ஆலையிலிருந்து எடுத்துப் பள்ளியில் அமர்த்தினார். பஞ்சு வரவின்றி ஆலை நான்கு மாதம் நின்றபோது தொழிலாளருக்கு முழுக் கூலியும் கொடுத்தார். அப்படியிருந்தும் ஆலை இலாபம் ஈட்டியது. 1880இல் ஓவனைப் பற்றி எழுதிய எங்கெல்ஸ், அவரை எள்ளி நகையாடவில்லை என்பது நம் நண்பர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது. தம் தொழிலாளர் தம் தயவில் வாழும் அடிமைகளாகவே இன்னும் இருக்கின்றனர் என்பதை ஓவன் தாமே உணர்ந்ததைத்தான் எங்கெல்ஸ் எடுத்துக்காட்டினார்.

ஓவனுடைய வேலியும் ஓரிடத்தில் நின்றது. நியூ லனார்க்கிலே நூற்கப்பட்ட பஞ்சு அத்திலாந்திக்குக்கு அப்பாலுள்ள தோட்டங்களிலிருந்து வந்தது. அங்கே அதை விளைவித்துப் பறித்தவர்கள் விலைக்கு வாங்கப்பட்ட கறுப்பின அடிமைகள். ஆலைப் பிள்ளைகள் பள்ளியிலே பாடிக்கொண்டிருக்க, அவர்தம் பெற்றோர் நூற்ற பஞ்சிலே சாட்டையின் தடம் இருந்தது. மூன்றாவது வட்டம் என்பது இருபத்தோராம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பன்று!

அப்படியாயின் ஓவன் செய்ததெல்லாம் வீணா? அன்றைய ஆலை முதலாளிகள் பாராளுமன்றத்திலே கூறியது ஒன்றுதான்: வேலை நேரத்தைக் குறைத்தால் தொழில் அழியும், இயற்கையின் விதி அது. அவர்கள்முன் நியூ லனார்க் நின்றுகொண்டிருந்தது. ஓவனின் முயற்சியாலே தூண்டப்பட்ட 1819ஆம் ஆண்டுச் சட்டம் அவரே மனம் வெதும்பும் அளவுக்கு நீர்த்துப்போயிருந்தது. தொழிலாளரின் நீண்ட போராட்டத்தின் பின்னரே 1847இல் பெண்களுக்கும் இளைஞருக்கும் பத்துமணி நேரச் சட்டம் வந்தது. 1864இல் அகிலத்தின் தொடக்கவுரையிலே மார்க்ஸ் அச்சட்டத்தை ஒரு தத்துவத்தின் வெற்றி என்றே போற்றினார். அதே உரையிலே கூட்டுறவு ஆலைகளைப் பற்றி அவர் கூறியது எமது விசாரணைக்கு மிக நெருங்கியது. முதலாளியின்றியும் பெருந்தொழில் நடக்கும் என்று செய்து காட்டியமையால் அப்பரிசோதனைகளின் பெறுமதி அளவிடற்கரியது என்றார். தனித்தனி முயற்சிகளாக அவை ஒடுங்கி நிற்கும்வரை ஏகபோகத்தின் வளர்ச்சியைத் தடுக்கமாட்டா என்றும் உடனே சேர்த்துச் சொன்னார். இவ்விரு கூற்றுகளையும் ஒருங்கே மனத்திற் பிடித்துக்கொள்ள முடியாதவர்கள், ஒன்றைப் பிடித்துக்கொண்டு பக்தராகின்றனர். அல்லது மற்றதைப் பிடித்துக்கொண்டு பரிகாசக்காரராகின்றனர்.

எமது இலக்கியத்திலும் இதற்கு ஒரு கதை உண்டு. மணிமேகலையிலே வரும் ஆபுத்திரனிடம் எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி இருந்தது. ஆளில்லாத மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்ட அவன், பலர் பசி தீர்க்கும் பாத்திரத்தைக்கொண்டு தன் வயிற்றை மட்டும் நிரப்ப விரும்பாது, அதைக் கோமுகிப் பொய்கையிலே விட்டு, உண்ணாதிருந்து உயிர்விட்டான். மாசற்ற மனம். எனினும் அத்தூய்மையால் எவர் பசியும் தீரவில்லை. பாத்திரம் மணிமேகலையின் கையிற் சேர்ந்து, நகர் புகுந்து, சிறைக்குள்ளும் சென்றது. அவள் வேண்டியதால் அரசன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினான் என்று சாத்தனார் பாடுகின்றார். தனிமனித ஈகை அரசாணையாக மாறிய அந்தக் கட்டத்தை நம் தமிழ்ப் பாடநூல்கள் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது எமது நெடுநாளைய குறை. அது நிற்க.

பற்றறியைக் கழற்றக்கூடியதாகச் செய்தால் தொலைபேசி தடிக்கும், நீர் புகும், எவரும் வாங்கார் என்று கூறப்பட்டு வந்த காலத்திலே, நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட ஒரு கம்பனி அதைச் செய்து விற்றுக்கொண்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்களை இக்கம்பனியே கொண்டுவந்தது என்று நாம் சொல்லவில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் குரலெழுப்பிய மக்கள் அமைப்புகள் பல. ஆனால் 'முடியாது' என்ற வாதம் வாயடைத்துப் போனதற்கு இத்தகைய சிறிய சாட்சிகளும் ஒரு காரணம். 2025 யூன் மாதம் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஐரோப்பாவில் விற்கப்படும் திறன்பேசி ஒன்றின் விற்பனை நின்ற பின்னரும் 7 ஆண்டுகளுக்கு உதிரிப்பாகங்களும் 5 ஆண்டுகளுக்கு மென்பொருட் புதுப்பிப்பும் கிடைக்கவேண்டும். பாவிப்பவரே பற்றறியை மாற்றக்கூடியதாகச் சிறு மின்கருவிகள் அமையவேண்டும் என்ற விதி, 2023இல் இயற்றப்பட்டு, 2027 பெப்ரவரியை நடைமுறைத் திகதியாகக் குறித்தது. ஒரு தொலைபேசி 40 கிலோகிராம் எனக் கொண்டால், ஃபெயர்ஃபோன் ஓராண்டில் விற்பதெல்லாம் ஏறத்தாழ 4,000 தொன். உலகத்து 100 கோடித் தொலைபேசிகளையும் அதே அளவுகோலாற் பெருக்கினால் 4 கோடி தொன். முதலாவது எண்ணை ஒரு கம்பனியின் நல்லெண்ணம் தொடலாம். இரண்டாவதைத் தொடுவதற்குச் சட்டம் வேண்டியிருந்தது.

அச்சட்டமும் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. பற்றறி எப்படிப் பொருத்தப்படவேண்டும், திரை எத்தனை நாளிற் கிடைக்கவேண்டும் என்றெல்லாம் அது விரிவாகப் பேசுகின்றது. ஆண்டுதோறும் 100 கோடித் தொலைபேசிகள் எவருடைய தேவைக்காக, எவருடைய தீர்மானத்தின்பேரில் செய்யப்படுகின்றன என்பதைப் பற்றி அதில் ஒரு வாசகமும் இல்லை.